செம்பில் களிம்பு ஏறாமல்: மாணவர் செய்யும் மின்சுற்றுப் பலகைகளைக் காப்போம்

அறிவியல் கண்காட்சிக்காக ஆகஸ்டில் மாணவர் செய்த மின்சுற்று அன்று நன்றாக வேலை செய்திருக்கும். தீபாவளி விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தால் விளக்கு எரியாது; செம்புத் தடங்களில் பச்சை படிந்திருக்கும். "நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது" என்று மாணவர் முடிவுக்கு வந்துவிடுவார். பல நேரங்களில் அவருடைய மின்சுற்றில் பிழையே இருக்காது. பலகை ஈரத்திலிருந்து காக்கப்படவில்லை என்பதுதான் குறை. அதைச் சரிசெய்ய அதிகச் செலவில்லை. ஆனால் வரிசை தவறக்கூடாது. முதலில் கழுவ வேண்டும், பிறகு உலர்த்த வேண்டும், அதன் பிறகே பூச வேண்டும்.

களிம்பு எப்படி ஏறுகிறது?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை ஆகிய பகுதிகள் கடலுக்கு அருகில் உள்ளவை. சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அந்த மாதங்களின் காலை வேளைகளில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இயல்பு. ஆனால் ஈரக்காற்று மட்டும் செம்பை இவ்வளவு விரைவாக அரிப்பதில்லை. பலகையில் தங்கியுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கரைசல் படலத்தை உண்டாக்குகிறது. அரிமானம் அங்கேதான் தொடங்குகிறது.

கையால் செய்த பலகைக்கு அந்த உப்பு நான்கு வழிகளில் வருகிறது: செம்பை அரித்தெடுக்கப் பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடின் மிச்சம், சால்டரிங் செய்த பின் தங்கும் பிளக்ஸ், விரல்களின் வியர்வை, கழுவப் பயன்படுத்திய ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு.

இவற்றில் குளோரைடு மிகவும் தொல்லை தருவது. செம்போடு சேர்ந்து அது குப்ரஸ் குளோரைடாகிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் குப்ரஸ் குளோரைடிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. அமிலம் மேலும் செம்பை அரித்து, மீண்டும் குப்ரஸ் குளோரைடை உருவாக்குகிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனிகளைத் தாக்கும் "வெண்கல நோய்" என்பதும் இதுவே. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டதற்கு இந்த நோயே முக்கியக் காரணம். அங்கே எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையில் சிலைகளிலிருந்து குளோரைடை நீக்கி அவற்றைக் காத்தார். சோழர் காலத் திருமேனிக்கும் மாணவரின் பலகைக்கும் பகை ஒன்றுதான்.

மின்னழுத்தம் இருக்கும்போது

மின்கலம் இணைத்த நிலையில் ஈரம் படிந்தால் இன்னொரு கேடும் நேர்கிறது. நேர்முனைத் தடத்திலிருந்து செம்பு அயனிகளாகக் கரைந்து, எதிர்முனைத் தடத்துக்குச் சென்று உலோகமாகப் படிகிறது. அந்தப் படிவு மரக்கிளை போல நேர்முனையை நோக்கி வளர்ந்து, இரு தடங்களையும் தொட்டவுடன் குறுக்குச்சுற்று உண்டாகிறது. பத்தாம் வகுப்பில் நடத்தும் மின்னாற்பகுப்பு இங்கே நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே பயன்படுத்தாத நேரத்தில் மின்கலத்தைக் கழற்றி வைப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

கழுவுதல், உலர்த்துதல், பூசுதல்

1. ஃபெரிக் குளோரைடிலிருந்து எடுத்த பலகையை ஓடும் நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவவும். சலவைச் சோடா கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்து மீண்டும் கழுவவும். கடைசி அலசலுக்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பாத்திரத்தை நன்றாக அலசாவிட்டால் மறுநாளே நிறம் மாறுகிறது அல்லவா? அதே கதைதான் இங்கும்.

2. சுத்தமான செம்புத் தடங்களின் மேல் சால்டரிங் ஈயத்தை மெல்லியதாக ஓட்டவும். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாமலிருக்க நம் வீடுகளில் ஈயம் பூசிய முறையே இது.

3. உறுப்புகளைப் பற்றவைத்த பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பிளக்ஸைத் துடைத்தெடுக்கவும். கை சுத்திகரிப்பான் வேண்டாம். அதில் கலந்திருக்கும் கிளிசரின் பலகையிலேயே தங்கிவிடும்.

4. வெயிலில் சில மணி நேரம் உலர்த்தவும். உறுப்புகளின் அடியில் நீர் தங்கும் என்பதால் பலகையைச் சாய்த்து வைக்கவும். அதன் பிறகு பலகையின் ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும்.

5. மின்சுற்று சரியாக வேலை செய்கிறதா என்று பூசுவதற்கு முன்பே சோதிக்கவும்.

6. நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்கவும். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. தொழிற்சாலைகளில் இத்தகைய பூச்சின் தடிமன் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர்தான். தடித்த பூச்சு வெடிக்கும். சிறிய பலகைக்கு நிறமற்ற நகப்பூச்சும் தற்காலிகமாகப் போதும். பின்னாளில் பழுது பார்க்க நேர்ந்தால் அசிட்டோன் இரண்டையும் கரைத்துவிடும்.

கடையில் வாங்கும் பலகைகளில் காணும் பச்சை நிறமும் இத்தகைய காப்புப் பூச்சுதான் என்பதை மாணவர்களிடம் சொல்லலாம்.

பூசக்கூடாத இடங்கள்

சுவிட்ச், ஐசி சாக்கெட், இணைப்பு முனைகள், சுழற்றும் மின்தடை, ஈரப்பத உணரியின் துளை ஆகியவற்றை ஒட்டுநாடாவால் மூடிய பிறகே ஸ்பிரே அடிக்க வேண்டும். பள்ளித் தோட்டத்தில் வைக்கும் மண் ஈர உணரியின் திறந்த செம்பு முனைகள் மண்ணைத் தொட்டே ஆக வேண்டும். அவற்றைப் பூச முடியாது. அளவெடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும் மின்சாரம் செல்லுமாறு அமைத்தால் அவை நெடுநாள் உழைக்கும்.

பலகையைப் பெட்டியில் வைக்கும்போது கம்பிகள் கீழ்ப்பக்கமாக உள்ளே நுழையட்டும். கம்பி வழியே வரும் நீர் உள்ளே போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைக்கலாம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டது. அது வங்கக்கடலில் மிதக்கவிடும் மிதவைகளின் மின்னணுக் கருவிகளும் நீர்புகாப் பெட்டிக்குள்தான் இயங்குகின்றன.

வெள்ள நீரில் நனைந்த பலகைக்கும் இதே விதிதான். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அத்தகைய நாள்களில் நனைந்த பலகையைக் காயவைத்தால் மட்டும் போதாது. நீர் போனாலும் உப்பும் சேறும் தங்கும். கழுவி, உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

செம்பு ஒட்டிய பலகைத் துண்டுகள் நான்கை ஒரு நிமிடம் ஃபெரிக் குளோரைடில் நனைத்து எடுக்கவும். முதல் துண்டைக் கழுவி அப்படியே விடவும். இரண்டாவதைக் கழுவாமல் விடவும். மூன்றாவதைக் கழுவி, உலர்த்திப் பூசவும். நான்காவதைக் கழுவாமல் காயவைத்துப் பூசவும். ஈரப் பஞ்சு வைத்த மூடிய பாட்டிலில், பஞ்சைத் தொடாதவாறு இரண்டு வாரங்கள் வைத்து, நாள்தோறும் நிறத்தைக் குறித்துவரச் செய்யவும். மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டால், பூச்சு உப்பை விரட்டுவதில்லை, உள்ளே பூட்டி வைக்கிறது என்பது விளங்கும்.

தொடக்க வகுப்பில் ஃபெரிக் குளோரைடு வேண்டாம். செம்புக் கம்பித் துண்டு ஒன்றை உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த நீரில் நனைத்து அப்படியே வைக்கலாம்; இன்னொன்றை நனைத்தபின் கழுவித் துடைத்து வைக்கலாம். சில நாள்களில் வேறுபாட்டைக் குழந்தைகளே சொல்வார்கள்.

கவனம் தேவை

ஃபெரிக் குளோரைடைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஸ்பிரேயையும் ஆல்கஹாலையும் நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும். சால்டரிங் முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவவும். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் பகுதியின் வடிநீர் சென்று சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கரைசலில் நுரை அடங்கும்வரை சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அடியில் படியும் கசடைப் பெயர் எழுதிய பாட்டிலில் மூடி வைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்கவும்.

மதிப்பீட்டுத் தாளில் "மின்சுற்று வேலை செய்கிறதா?" என்பதோடு "மழைக்காலம் முடிந்தும் வேலை செய்கிறதா?" என்றொரு வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் பெட்டியைத் திறக்கும் மாணவருக்கு அந்த விளக்கு எரிவது எந்த மதிப்பெண்ணைவிடவும் பெரிது.