பாதி ஃபைன், முழு விசாரணை

வியாழக்கிழமைகளில் பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றி ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கிடைத்த மூலையில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களில் சிலருக்குப் பிறகு சலான் வரும். பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது. "தப்பு செய்யவில்லை" என்பவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். பெங்களூரின் போக்குவரத்து நீதிமன்றங்கள் இயங்கும் மேயோ ஹால், அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.



ஹெல்மெட் போடாதது, சிக்னலைத் தாண்டியது போன்றவற்றுக்குப் போலீஸாரே அபராதம் வாங்கி வழக்கை முடிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டியவருக்கு அந்த வழி கிடையாது. கோர்ட் ஏறியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினெட்டு வயதாகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்த பெற்றோருக்கு நிலைமை இன்னும் கடுமை: 25,000 ரூபாய் அபராதத்தோடு மூன்றாண்டு வரை சிறை. செல்லம் கொடுக்கும் வீடுகள் இதை ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும்.

சிறு குற்றமென்றால் நேரில் போகாமலே ஒப்புக்கொண்டு பணம் அனுப்ப 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு அப்போதே இடம் தந்தது. 2019-ல் டெல்லியில் தொடங்கிய மெய்நிகர் நீதிமன்றம் அதையே இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதிலும் வழக்காடப் போவதாகச் சொன்னால், வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போய்விடும்.

ஆனால் அபராத நிலுவை மலைபோல் குவிந்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பாதி கட்டினால் போதுமென்று அறிவித்ததும், பிப்ரவரி 11-ஆம் தேதிக்குள் பெங்களூரில் மட்டும் 100 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. பிறகும் இதே சலுகை திரும்பத் திரும்ப வந்தது. கஜானாவுக்கு லாபம்தான். ஆனால் உடனுக்குடன் முழுத் தொகை கட்டியவருக்கு இது அநியாயம். செய்யாத தப்புக்கும் "பாதிதானே" என்று கட்டிவிட்டால், கேமரா தவறிய இடம் யாருக்கும் தெரியாமலே போகும்.

கேள்வி கேட்க வழி இருக்கிறது. கேமரா பதிவுசெய்த குற்றத்துக்கு 15 நாளில் நோட்டீஸ் வர வேண்டும் என்கிறது 2021-ல் வந்த மத்திய விதி. சலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும். நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், படத்தில் இருப்பது வேறு வண்டியானாலும், அந்தத் தாளையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு மேயோ ஹாலுக்குப் போகலாம்.