கூகை கக்கிய உருண்டை

உணவுச் சங்கிலி வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் அம்புக்குறியைத் தலைகீழாகத்தான் போடுவார்கள். பாம்பில் கிளம்பித் தவளையில் போய் முடியும். ஏன் என்று கேட்டால், "பாம்புதானே டீச்சர் தவளையைப் பிடிக்குது?" என்பார்கள். அவர்களுக்கு அம்பு என்றால் பாய்ச்சல், வேட்டை. பாடத்தில் அந்த அம்பு சொல்வதோ, சாப்பாடு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை. தவளை உடம்பில் இருந்த சத்து பாம்புக்குப் போகிறது. அதனால் முனை பாம்பின் பக்கம்தான் இருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் பரீட்சைத் தாளில் அம்பு மறுபடி திரும்பிக்கொள்ளும். தின்றதற்கான தடயத்தைக் கையில் கொடுத்துவிட்டால் திரும்புவதில்லை. காவிரி டெல்டாவில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் எனக்கு அந்தத் தடயத்தைத் தருவது கூகை.

ஊர்க்கோடியில் மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லின் உத்தரத்தில் ஒரு ஜோடி குடியிருக்கிறது. இதய வடிவில் வெள்ளை முகம். இரவில் துணியைக் கிழிப்பது போல ஒரு கிறீச்சல். சாக்குருவி என்று பாட்டிமார்கள் சொல்லிவைத்திருப்பதால், அது அலறினால் வீட்டில் துக்கம் என்று நம்பும் பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு. நான் அவர்களோடு வாதாடுவதில்லை. உத்தரத்துக்கு நேர் கீழே தரையில் கிடப்பதைப் பொறுக்கி வரச் சொல்வேன். கட்டைவிரல் அளவில், கறுத்து, ரோமத்தைத் திரட்டிப் பிடித்துவைத்தது போன்ற உருண்டைகள். எச்சம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அது எச்சம் இல்லை. கூகை எலியைக் கடித்து மெல்லாமல் பெரும்பாலும் முழுசாக விழுங்கிவிடும். அதன் வயிற்று அமிலத்துக்குச் சதையைக் கரைக்கத்தான் வலு உண்டு. கரையாத எலும்பும் ரோமமும் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரத்தில் வாய்வழியே வெளியே வரும்.

இதற்கென்றே வைத்திருக்கும் பழைய பாத்திரத்தில் உருண்டைகளை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகுதான் பிள்ளைகளிடம் தருவேன். கையுறை கட்டாயம். ஈர்க்குச்சியும் ஊசியும் வைத்து மெல்லப் பிரித்தால் முதலில் சாம்பல் நிற ரோமம், பிறகு விலா எலும்புகள், கடைசியில் மண்டையோடு. அது வெளியே வரும்போது வகுப்பில் எழும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். மண்டையோட்டின் பல்லை உற்றுப் பார்க்கச் சொல்வேன். முன்னால் உளி போல ஆரஞ்சு நிறத்தில் வளைந்த பற்கள், அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப் பல் என்றிருந்தால் அது எலி. இடைவெளியே இல்லாமல் கூர்கூராக வெள்ளைப் பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. எலி நெல்லைக் கொறிக்கும். மூஞ்சூறுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் இரை. ஒரே உருண்டைக்குள் இரண்டு சங்கிலிகள் கிடைத்துவிடுகின்றன: நெல், எலி, கூகை என்று ஒன்று, புல், பூச்சி, மூஞ்சூறு, கூகை என்று இன்னொன்று. கையில் இருக்கும் எலும்பு கூகையின் வயிற்றுக்குள் போய் வந்தது என்று தெரிந்த பிள்ளைக்கு அம்பின் முனையை எந்தப் பக்கம் போடுவது என்ற சந்தேகம் வருவதில்லை.

அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள். வயல் முழுக்க எலி இருக்கிறது. கூகை மட்டும் ஏன் ஒரே ஜோடி? மேலே போகப் போக எண்ணிக்கை சுருங்குவதை இங்கிலாந்தின் சார்லஸ் எல்டன் 1927-இல் தன் புத்தகத்தில் விளக்கினார். அதற்குக் காரணம் ஆற்றல் கணக்கு என்று காட்டியவர் அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன். 1942-இல் அதை விளக்கும் கட்டுரை அச்சாகும் முன்பே, 27 வயது நிரம்பாமல் இறந்துபோனார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அந்த ஆற்றல் கணக்கைக் காட்ட நான் 1000 நெல்மணிகளை எண்ணிவைக்கச் சொல்வேன். எலி உடம்பில் தங்குவது ஏறக்குறைய 100. கூகைக்குத் தங்குவது 10. "மீதி 900 எங்க டீச்சர் போச்சு?" ஓடியதில், மூச்சு விட்டதில், உடம்புச் சூட்டில், புழுக்கையில். பத்தில் ஒன்று என்பது உத்தேசக் கணக்குதான். இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அந்தப் பத்து மணிகளைப் பார்த்தபின், கூகை ஏன் குறைவு என்று நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.

அம்பு வழியே சத்து மட்டும் போவதில்லை. எங்கள் பக்கம் எலிக்கு மூங்கில் கிட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; மருந்து வைப்பதும் உண்டு. புரோமாடயலோன் என்ற மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமாகச் சிக்கும். எலி வயிற்று மருந்து அதே அம்பின் திசையில் கூகைக்கும் போய்விடும். பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்ததும் இதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள் நாடெங்கும் அவற்றில் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டது. தமிழ்நாட்டில் நீலகிரிக்கு வடக்கே மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் எஞ்சியவை பறக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வயலில் மருந்து வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். நடவு முடிந்ததும் கூகை வந்து உட்கார வயலில் குறுக்குக்கட்டை வைத்த குச்சி நடும் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களே. இரண்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

கூகைக்கு எங்கே போவது என்று நகரத்துப் பெற்றோர் கேட்கலாம். டியூப்லைட் பக்கத்துப் பல்லி போதும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளையை உட்காரவைத்து, அது என்னென்ன பிடிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ஈசல், அந்து, கொசு என்று பட்டியல் நீளும். காலையில் சுவரோரம் பாருங்கள்: நுனியில் வெள்ளைப் பொட்டோடு கறுப்பாக ஒரு சின்ன எச்சம். கையால் தொடாமல், காகிதத்தால் எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் வண்டின் இறக்கை ஓடும் பூச்சிக் காலும் தெரியும். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்துவிடுங்கள். பல்லி எச்சத்தில் நோய்க்கிருமி இருக்கும்.