விதைக்கு மூடி வந்தது எப்படி?

பைன் மரத்தின் கூம்பு முற்றி விரிந்தால் விதைகள் தாமே உதிர்ந்துவிடும். செதிலின் மேல் ஒட்டியிருக்கும் அவற்றுக்கு வேறு மறைப்பு கிடையாது. மாங்கொட்டையைப் பார்க்கவோ சதையை அறுத்தாக வேண்டும். பூக்கும் தாவரங்கள் விதையை இப்படிப் பொதிந்து வைப்பது சூலிலை என்ற உறுப்பால். அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியில் பெயர் பதித்தவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த பி.ஜி.எல். சுவாமி.

பூவின் உறுப்புகள் எல்லாம் உருமாறிய இலைகளே என்று ஜெர்மன் கவிஞர் கோத்தே 1790இலேயே எழுதிவிட்டார். அவரைக்காயைப் பிளந்தால் அவர் சொன்னது பொய்யில்லை என்று தோன்றும். நடுநரம்பில் இலையை மடித்து, விளிம்புகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற வடிவம். ஒட்டிய ஓரத்தில்தான் விதைகள், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக. ஆனால் அவரை வெகுவாக மாறிவிட்ட செடி. தொடக்க நிலையை அதில் தேட முடியாது.

தேடியவர்களுக்கு ஃபிஜித் தீவில் ஒரு மரம் கிடைத்தது. டிஜெனேரியா என்ற பெயரில் 1942இல் அதை அறிமுகப்படுத்தியவர்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இர்விங் பெய்லியும் ஒருவர். மக்னோலியாவுக்கு உறவான இந்த மரத்தில், பூ மலர்ந்திருக்கும்போது சூலிலையின் விளிம்புகள் ஒட்டியிருப்பதில்லை. இடைவெளியை அடைத்திருப்பவை மென்மயிர்கள் மட்டுமே. மகரந்தத்தை ஏற்க நுனியில் தனியாகச் சூலகமுடி கிடையாது. விளிம்பு முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. மகரந்தக் குழாய் மயிர்களுக்கிடையே புகுந்து சூலை அடைகிறது. சூல்களும் ஓரத்தில் இல்லை, விளிம்பைவிட்டுத் தள்ளி உட்பரப்பில் இருக்கின்றன.

ஹார்வர்டில் பெய்லியோடு பணியாற்றிய சுவாமி, அவருடன் சேர்ந்து 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொல்சூலிலை நீளவாக்கில் மடிந்த இலை போன்றது. முதலில் திறந்திருந்த விளிம்புகள் பின்னர் இணைந்தன. ஓரம் நெடுக இருந்த சூலகமுடி நுனிக்கு ஒதுங்கியது என்பதே அதன் சாரம். அடுத்த சில பத்தாண்டுகளுக்குத் தாவரவியல் நூல்கள் பலவற்றில் சூலிலைக்குப் படம் போட்டவர்கள் இதைத்தான் வரைந்தார்கள்.

இந்தக் கருத்து இன்று எவ்வளவு நிற்கிறது? இலை என்ற பகுதி உறுதியாக நிற்கிறது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில், பூ உறுப்புகளின் அடையாளத்தை முடிவு செய்யும் மூன்று வகை மரபணுக்களையும் 1991இல் முடக்கிப் பார்த்தார்கள். பூவின் இடத்தில் இலை போன்ற உறுப்புகள் வந்தன. 2001இல் தலைகீழாக, வேண்டிய மரபணுக்களை இயக்கி இலையையே இதழ் போல மாற்றிக் காட்டினார்கள்.

மடிப்பு என்ற பகுதிதான் ஆட்டம் கண்டது. நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் வளரும் ஆம்போரெல்லா என்ற செடியே பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில் முதலில் பிரிந்த கிளை என்று 1999இல் டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. அதன் சூலிலை மடிந்த இலை அல்ல, வாய் குறுகிய கிண்ணம். அந்த வாயையும் திசு மூடவில்லை, சுரக்கும் திரவமே அடைத்திருக்கிறது. அல்லி போன்ற பிற தொன்மையான கிளைகளையும் ஆராய்ந்த சுவிஸ் தாவரவியலாளர் பீட்டர் எண்ட்ரெஸ், கிண்ண வடிவமே முந்தியது என்று வாதிட்டார். இன்று பலரும் ஏற்பது அதைத்தான். டிஜெனேரியாவைத் தொடக்கமாகக் கொண்டது பிழை. ஆனால் விளிம்புகள் முழுதும் ஒட்டாமலே ஒரு சூலிலை வேலை செய்ய முடியும் என்று கவனித்தது பிழையல்ல. ஆம்போரெல்லா வரை அது பொருந்துகிறது.

சுவாமி கன்னடத்தில் பெரிய எழுத்தாளரும்கூட. மாணவர்களோடு செடி தேடி அலைந்த அனுபவங்களைச் சொல்லும் அவருடைய ‘ஹசுரு ஹொன்னு’ 1978இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. கன்னடம் தெரிந்தவர்கள் தேடிப் படிக்கலாம்.