பூமி குளிர்ந்த காலம்: காரணம் எரிமலையா, சூரியனா?

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது உடலில் படும் ஈரக்காற்றே நம் தோட்டப்புற மக்கள் அறிந்த குளிர். கதிரவன் மேலேறிவிட்டால் அதுவும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்பதை நாம் அறிவோம். இத்தகைய நாட்டில் வாழும் நமக்கு, உலகம் சில நூற்றாண்டுகள் குளிர்ந்திருந்தது என்று கூறினால் அது எங்கோ நடந்த கதையாகவே தோன்றும். ஆனால் அக்குளிருக்குக் காரணம் யாது என்று விஞ்ஞானிகள் தேடிச் சென்ற பாதை, நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் எரிமலைகளுக்கும், தமிழகத்தின் கொடைக்கானல் மலைக்கும், நம் முன்னோரை ஊரைவிட்டுப் பெயர்த்த ஒரு கொடிய பஞ்சத்துக்கும் வந்து சேர்கின்றது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஏறத்தாழ 1300ஆம் ஆண்டு தொடங்கி 1850ஆம் ஆண்டு வரை நீடித்த இக்காலத்தைச் 'சிறு பனிக்காலம்' என்று அழைப்பர். 1939இல் பிரான்சுவா மாத்தெஸ் என்னும் நிலவியல் அறிஞர் வழங்கிய பெயர் இது. லண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு சில குளிர்காலங்களில் உறைந்து கெட்டிப்பட்டது. 1683-84ஆம் ஆண்டுக் குளிரில் அவ்வாற்றின் மீதே கடைகள் போட்டு வாணிகம் செய்தனர். ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் கீழிறங்கிச் சிற்றூர்களை நெருங்கின. எனினும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. உலகின் சராசரி வெப்பம் குறைந்தது சுமார் அரை டிகிரி அளவே. எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் குளிரவுமில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டு கடுங்குளிர்க் காலமாக இருக்க, ஐரோப்பாவின் வடமேற்கில் 17ஆம் நூற்றாண்டு அவ்வாறு அமைந்தது. வேறு பல பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியே மிகக் குளிர்ந்தது. அரை டிகிரி என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பயிர் விளையும் பருவம் சில வாரங்கள் சுருங்கினாலும் உழவன் வீட்டுக் களஞ்சியம் காலியாகிவிடும்.

குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையில் முதலில் நிற்பன எரிமலைகள். எரிமலை வெடித்தால் சாம்பல் வானை மறைக்கும், அதனால் குளிரும் என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. சாம்பல் கனமானது, பெரும்பகுதி சில நாட்களில், அல்லது சில வாரங்களில், கீழே விழுந்துவிடும். நீடித்துத் தொல்லை தருவது கண்ணுக்குத் தெரியாத கந்தக வாயுவே. அது மேலே சென்று நீராவியுடன் கலந்து, நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி, சூரிய ஒளியில் ஒரு பங்கினை விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றது.

1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் எழுந்த தீயின் புகைமூட்டம் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நாம் வேண்டி நின்றது ஒரு நல்ல மழையை. மழை பெய்தால் புகை கழுவப்பட்டுவிடும். ஆனால் நம் வட்டாரத்தில் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் மழை மேகம் பொதுவாக எட்டுவதில்லை. அவ்வுயரத்துக்குச் சென்றுவிட்ட கந்தகத் துளிகளைக் கழுவுவார் யாருமில்லை; ஓரிரண்டு ஆண்டுகள் அங்கேயே மிதக்கும். அதிலும், பூமியின் நடுக்கோட்டை ஒட்டிய எரிமலை வெடித்தால் அத்துளிகள் வடக்கிலும் தெற்கிலும் பரவி உலகம் முழுவதையும் போர்த்திவிடும். இந்தோனேசிய எரிமலைகளுக்கு உலக வரலாற்றில் இத்துணை முக்கியத்துவம் ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

இதற்குச் சான்று எங்கே கிடைத்தது? கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் ஆண்டுதோறும் விழும் பனி, அடுக்கடுக்காகப் படிந்து உறைந்து கிடக்கின்றது. அதனைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்தபோது, 1258ஆம் ஆண்டை ஒட்டிய அடுக்கில் மிகுதியான கந்தகம் காணப்பட்டது. எங்கோ ஒரு மாபெரும் எரிமலை வெடித்திருக்கின்றது; எது என்று மட்டும் பல ஆண்டுகள் தெரியவில்லை. 2013இல்தான் விடை வெளியாயிற்று. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில், லொம்போக் தீவில், ரிஞ்சானி மலைக்கு அருகே நின்ற சமாலாஸ் எரிமலையே அது. 1257ஆம் ஆண்டு அது வெடித்துச் சிதறியது. கரிந்த மரத்துண்டுகளின் வயதைக் கணித்த ஆராய்ச்சியாளர்களுக்கு மற்றொரு துணையும் கிடைத்தது. பழைய ஜாவானிய மொழியில் ஓலையில் எழுதப்பட்ட 'பாபாட் லொம்போக்' என்னும் நூல், சமாலாஸ் மலை வெடித்ததையும் பமாத்தான் என்னும் நகர் அழிந்ததையும் கூறுகின்றது. ஓலைச்சுவடிகளைச் செல்லரித்த குப்பை என்று ஒதுக்கும் நம்மவர் சிலர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அதே வட்டாரத்தில், சும்பாவா தீவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. அப்போது ஜாவாவை ஆண்டவர் ராபிள்ஸ். முதல் வெடியோசையைப் பீரங்கி முழக்கம் என்றெண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவே புறப்பட்டுச் சென்றதாம். அவ்வெடிப்பினாலும் அதனைத் தொடர்ந்த பசி, நோயினாலும் 60,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு 1816, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'கோடையில்லாத ஆண்டு' எனப் பெயர் பெற்றது. ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி விழுந்தது. விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறிக் கலகங்கள் மூண்டன.

இவை அனைத்தையும் விஞ்சிய வெடிப்பு ஒன்றின் தடயம் நம் காலடியிலேயே இருக்கின்றது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்த பள்ளமே இன்று தோபா ஏரியாக விளங்குகின்றது. அதன் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும், கோலாலம்பூரை அடுத்த அம்பாங், செர்டாங் பகுதிகளிலும் மண்ணுக்கடியில் கண்டறியப்பட்டுள்ளது. அது உலகை எவ்வளவு குளிர்வித்தது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. சிறு பனிக்காலத்துக்கு மிக முந்திய செய்தியாதலால் அதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழும். கந்தகத் துளிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்துவிடுமெனில், குளிர் பல நூற்றாண்டுகள் நீடித்தது எவ்வாறு? கனடாவின் பாபின் தீவில் பனி உருகிய இடங்களில் வெளிப்பட்ட பழைய பாசிகள் இதற்கு விடை பகர்கின்றன. அவற்றின் வயதைக் கணித்தபோது, 1275க்கும் 1300க்கும் இடையில் திடீரெனப் பனி மூடிப் பல செடிகள் மடிந்ததும், 1450ஆம் ஆண்டை ஒட்டி மீண்டும் அவ்வாறே நேர்ந்ததும் தெரியவந்தன. இரு காலங்களும் பெரும் எரிமலை வெடிப்புகளை அடுத்தவை. 2012இல் இதனை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள் கூறும் விளக்கம் இது: அடுத்தடுத்து எரிமலைகள் வெடித்தபோது வடகடலில் பனிப்பரப்பு விரிந்தது, வெண்பனி ஒளியைத் திருப்பி அனுப்பியதால் மேலும் குளிர்ந்தது, கடல் நீரோட்டமும் மாறியது, எனவே கந்தகம் மறைந்த பின்னரும் குளிர் நிலைத்துவிட்டது.

இனிச் சூரியனைப் பற்றிக் கூற வேண்டும். அதற்குப் பாலமாக அமைவதும் ஓர் எரிமலையே. சிலாங்கூரின் நிர்வாகம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அத்தாப்பு வீடுகளை அழிக்க, செங்கல் வீடுகள் கட்டும் முயற்சி தொடங்கி, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் சூளைகள் எழுந்தன. அவ்வட்டாரத்தின் பெயரே அதற்குச் சான்று. அந்த ஆண்டுகளில்தான், 1883 ஆகஸ்ட் 27ஆம் நாள், 1,100 கிலோமீட்டர் தெற்கே கிரக்கத்தாவ் வெடித்து, எழுந்த கடல் அலைகளால் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றி மக்களைத் திகைக்க வைத்தது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித் அதனைக் கருவி கொண்டு ஆராய்ந்து எழுதினார். பின்னர் 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவரும் அவரே.

கொடைக்கானலில் அத்தகைய கூடம் தோன்றியதன் பின்னணியில் இருப்பது 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருஷப் பஞ்சம். இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அப்பஞ்சமே, தமிழக மக்களில் பலரை இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் துரத்தியது. மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் குறையும்போது தென்னிந்தியாவில் பஞ்சம் வருகின்றது என்று 1877இல் ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி வாதிட்டார். சூரியனை அறிந்தால் பருவமழையை அறியலாம் என்ற நம்பிக்கையில், தூசற்ற அம்மலை உச்சி தெரிந்தெடுக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக அங்குச் சூரியனின் முகம் படமெடுக்கப்பட்டு வந்துள்ளது.

கரும்புள்ளிகளுக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்து ஆதாரமற்றதன்று. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரிதாகவே காணப்பட்டன. மாண்டர் என்னும் வானியலார் பெயரால் அக்காலம் வழங்குகின்றது. ஐரோப்பா கடுங்குளிரில் நடுங்கிய காலமும் அதுவே. ஆயினும், புள்ளிகள் கூடிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியில் சூரிய ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. மேலும், குளிர் தொடங்கியது 1645க்கு மிக முந்தி. நமது கருத்தில் சூரியன் உடந்தையாக இருந்திருக்கலாம், முதற்குற்றவாளி அன்று. ஹண்டர் கூற்றும் நிலைக்கவில்லை. தாது வருஷத்தில் மழை பொய்த்ததற்குக் காரணம் 'எல் நினோ' எனப்படும் பசிபிக் கடல் வெப்பமே என்று இன்று அறிகின்றோம். மழை பொய்த்தது இயற்கை. மக்கள் பட்டினி கிடக்கத் தானியம் கப்பலேறியது இயற்கையின் குற்றமன்று.

வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறி வடபகுதிக் கோடையின் வெயிலைக் குறைத்து வந்தது ஒன்று. 1492க்குப் பின் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்மையாலும் போராலும் பெருந்தொகையாக மடிய, அவர்கள் கழனிகள் காடாகிக் கரியமில வாயுவை உறிஞ்சின என்பது மற்றொன்று. இதன் அளவு குறித்து வழக்கு இன்னும் தீரவில்லை.

இக்குளிரைச் சுட்டிக்காட்டி, 'இன்றைய வெப்பமும் இவ்வாறே தானாக வந்தது, தானாகப் போகும்' என்று கூறுவோர் உளர். 1850க்குப் பின் பூமி ஒரு டிகிரிக்கும் மேல் வெப்பமடைந்துள்ளது. 1980களுக்குப் பின் சூரிய ஆற்றல் கூடவில்லை. எரிமலையோ குளிர்விக்கவே செய்யும்: 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாத்துபோ வெடித்தபோது உலக வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்து, ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. பழைய சந்தேக நபர்கள் எவரும் இப்போதைய வெப்பத்துக்குப் பொறுப்பல்லர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்த்த கரியமில வாயுவே பொறுப்பு. வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது பெருமழையாகக் கொட்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் வீடுகளின் கூரைமேல் ஏறி நின்ற மக்களுக்குப் பெருமழை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

எரிமலையைப் போலவே நாமும் விமானங்களால் கந்தகத்தை வானில் தூவிப் பூமியைக் குளிர்விக்கலாமே என்னும் யோசனையையும் சில விஞ்ஞானிகள் முன்வைத்துள்ளனர். ஆனால் பெரிய எரிமலை வெடிப்புகளுக்குப் பின் குளிர்வது வெப்பம் மட்டுமன்று. கடலிலிருந்து நீர் ஆவியாவதும் குறைகின்றது, பருவமழை தளர்கின்றது. பினாத்துபோ வெடித்த மறு ஆண்டில் உலக நிலப்பரப்பில் பெய்த மழை குறைந்தது. ஆறுகள் கடலுக்குக் கொண்டு சென்ற நீரும் குறைந்தது.