பதினோரு மணி வெயில்

மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது என்று டாக்டரிடம் போகும் இளம்பெண் இப்போதெல்லாம் இரண்டு சீட்டுகளோடு வெளியே வருகிறார். ஸ்கேனில் 'பிசிஓஎஸ்' எனும் சினைப்பை நீர்க்கட்டி. ரத்தப் பரிசோதனையில் 'வைட்டமின் டி குறைவு'. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைப் பாலில் கலந்து குடித்தால் நீர்க்கட்டி கரைந்துவிடும் என்ற நம்பிக்கை அப்படி வளர்ந்ததுதான்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இதைப் பேசத் தனிக் காரணம் உண்டு. 1980-களில் டைட்டன் கடிகார ஆலை வந்த காலத்திலிருந்தே பெண்கள் ஷிப்ட்டுக்குப் போகும் ஊர் இது. ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கிறார்கள். போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021-ல் அறிவித்தது.

வைட்டமின் டி-யை உடம்பு சாப்பாட்டிலிருந்து எடுப்பது கொஞ்சம்தான். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் பட்டால் தோலே அதைத் தயாரித்துக்கொள்ளும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும். காலை இளவெயில் நல்லது என்று பாட்டிமார் சொல்வார்கள். கண்ணுக்கு இதம்தான், ஆனால் சாய்ந்து வரும் அந்த வெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியில் நடந்த ஆய்வில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் இந்த உற்பத்தி உச்சத்தில் இருந்தது. ஓசூர் அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது, கணக்கு பெரிதாக மாறாது. அந்த மூன்று மணி நேரத்தில் முதல் ஷிப்ட்டில் இருப்பவர் கூரைக்கு அடியில். நைட் ஷிப்ட் முடித்தவர் திரை போட்ட அறையில் தூக்கத்தில். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் பலனில்லை. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

சரி, வைட்டமின் டி-க்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்?

1935-ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து விவரித்த கோளாறுதான் பிசிஓஎஸ். ஸ்கேனில் தெரிபவை முழுதாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. ஆண் ஹார்மோன் கூடுவதும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் இதன் உள்கதை. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது.

சினைப்பையிலும் வைட்டமின் டி-க்கான ஏற்பிகள் இருக்கின்றன. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பிசிஓஎஸ் உள்ள 13 பெண்களுக்கு வைட்டமின் டி-யும் கால்சியமும் கொடுத்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு இரண்டு மாதத்தில் சுழற்சி சீரானது. உற்சாகம் தரும் செய்திதான். ஆனால் மாத்திரை சாப்பிடாத ஒரு குழு அதில் ஒப்பிட இல்லை. அதன்பின் வந்த சிறு சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. போதாததற்கு, வைட்டமின் டி கொழுப்பில் ஒதுங்கும் தன்மையுள்ளது. எடை கூடியவர்களுக்கு ரத்தத்தில் அது குறைவாகத் தெரியும். பிசிஓஎஸ் உள்ளவர்களில் பலருக்கு எடையும் கூடியிருக்கும். எது முந்தியது என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்சுலின் பக்கமிருந்து பார்த்தாலும் தெளிவான பலன் இல்லை: சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், தினம் 4,000 யூனிட் கொடுத்தும் நோயைக் குறிப்பிடும்படி தடுக்க முடியவில்லை என்று 2019-ல் தெரிந்தது.

ஆக, குறைபாடு இருந்தால் எலும்புக்காகவும் தசைக்காகவும் அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். பிசிஓஎஸ்ஸுக்கு அது மருந்தாகிவிடாது. பக்கத்து ரூம் தோழி சாப்பிடுகிறாள் என்று மாதக்கணக்கில் பாக்கெட்டுகளை விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும். ராகிக் களி இந்த மண்ணின் சாப்பாடு, கால்சியத்துக்கு அதை மிஞ்சுவது கடினம். வைட்டமின் டி மட்டும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு முட்டை மஞ்சள் கரு, மத்தி போன்ற மீன், செறிவூட்டியதைக் காட்டும் பிளஸ் எஃப் முத்திரையிட்ட பாலும் எண்ணெயும்.

எளிதில் மாற்றக்கூடியது மதிய இடைவேளைதான். கேன்டீனுக்கு வெளியே நிழலில்லாத கொஞ்சம் இடமும், கை முகத்தில் வெயில் பட உட்கார நேரமும் கொடுக்க நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை.

வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். பிறகு அது பணியிடங்களுக்கும் வந்தது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. வருடத்தில் எட்டுக்கும் குறைவாக மாதவிடாய் வந்தாலோ, 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஷிப்ட் மாறி மாறி வருவதாலும் சுழற்சி குலையலாம், தைராய்டாலும் குலையலாம். அதனால் ஸ்கேனோடு தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குவது நல்லது.