புரொசசரை வாங்குமுன் தாய்ப்பலகையை அறிக!

நண்பர் ஒருவரின் மகன், வார இறுதிகளில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில், தனது பழைய கணனிக்கெனப் பாவித்த புரொசசர் ஒன்றை அண்மையில் வாங்கினான். கணனியில் இருந்தது இன்ரெல் 6ஆம் தலைமுறை. வாங்கியது 8ஆம் தலைமுறை. இரண்டும் அமரும் சொக்கெட்டின் பெயர் எல்.ஜி.ஏ. 1151 என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டான். புதியது கச்சிதமாகவே அமர்ந்தது. திரைதான் ஒளிரவில்லை.

விற்றவர்மீது குற்றமில்லை. 2015இல் வந்த 6ஆம் தலைமுறையும் அதனையடுத்த 7ஆம் தலைமுறையும் 100, 200 வரிசைச் சிப்செட் கொண்ட தாய்ப்பலகைகளுக்கு உரியவை. 2017 ஒக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறைக்கோ 300 வரிசை வேண்டும். தொடுமுனைகளின் எண்ணிக்கை 1151 ஆகவே இருக்க, மின்சாரம் பாயும் முனைகளின் ஒழுங்கு மாற்றப்பட்டுவிட்டது. எண்ணை நம்பி ஏமாந்தவன் அவன் ஒருவனல்லன்.

ஆகவே முதலில் அறியவேண்டியது தாய்ப்பலகையின் பெயர். விண்டோஸ் தேடற்கட்டத்தில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' எனத் தட்டச்சிட்டால், 'பேஸ்போர்ட் புரொடக்ட்' என்னும் வரியில் அது காணப்படும். கணனி இயங்காதெனில், மின்னிணைப்பைக் கழற்றிப் பக்கத் தகட்டைத் திறவுங்கள்; பெரும்பாலும் பலகையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட கணனிகளுக்கு மட்டும் பலகையின் பெயரைவிடக் கணனியின் மாதிரிப் பெயரைக்கொண்டு தேடுவதே பயன்தரும்.

அப்பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் புரொசசர் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தேவையான பயோஸ் பதிப்பும் அதிலுண்டு. பயோஸைப் புதுப்பிப்பது பழைய புரொசசர் பலகையில் இருக்கும்போதே நடக்கவேண்டும். கழற்றியபின் நினைவு வந்து பயனில்லை.

ஏ.எம்.டி. கணனி வைத்திருப்போர் இவ்விடயத்தில் பாக்கியசாலிகள். 2017இல் வந்த பி350 பலகைகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தபின், 2022இல் வெளியான ரைசன் 5 5600 இயங்கும். மடிக்கணனிகளில் புரொசசர் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அம்முயற்சியே வேண்டாம்.

நண்பரின் மகனுடைய எச்110 பலகை ஏற்கக்கூடிய சிறந்த புரொசசர்களுள் ஒன்று, நான்கு கோர்கள் கொண்ட ஐ7 7700. நான் அதனைப் பரிந்துரைக்கவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கான மைக்ரோசொஃப்டின் பட்டியலிலோ 7ஆம் தலைமுறையில் ஒருசிலவே உள்ளன, இது இல்லை. 8ஆம் தலைமுறை இருக்கிறது. எனவே மாற்றவேண்டியது பலகையைத்தான். இப்போது பாவித்த 300 வரிசைப் பலகை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். பழைய டி.டி.ஆர்.4 நினைவகம் அதிலும் பொருந்தும்.