உங்களுக்குத் தெரியுமா? யானை மேலும் எழுதினார்கள்!

விஸ்காம் மாணவி நான். தெருச்சுவர் ஓவியம் என்று புராஜெக்ட்டுக்குத் தலைப்பு எடுத்ததுதான் தாமதம், தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது! நான் மட்டும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. இந்தாருங்கள், பிடியுங்கள்!

ஸ்பிரே பெயிண்ட் டப்பா எதற்காகப் பிறந்தது தெரியுமா? வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பூசும் அலுமினியப் பெயிண்டை வாடிக்கையாளருக்கு அடித்துக் காட்ட! 1949, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி. டப்பாவில் அடைத்துப் பீய்ச்சலாமே என்று யோசனை சொன்னது அவர் மனைவி பான்னி. கிராஃபிட்டி என்று சுவரில் எழுதியும் வரைந்தும் தள்ளும் உலகத்துக்காரர்கள் அத்தனை பேரும் கும்பிட வேண்டிய அம்மா!

நவீன கிராஃபிட்டியின் முதல் ஆள் யார்? பலரும் கைகாட்டுவது ஃபிலடெல்ஃபியாவின் டாரில் மெக்ரேயை. பட்டப்பெயர் கார்ன்பிரெட். 1960-களில், பள்ளிப் பருவத்தில், ஒரு பெண்ணின் மனசைப் பிடிக்க அவள் கண்ணில் படும் சுவரிலெல்லாம் தன் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து எழுதித் தள்ளியவர். உலகை மாற்றிய காதல் கடிதம் சுவரில்தான் இருந்தது!

அதே கார்ன்பிரெட் 1971-இல் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று பத்திரிகையில் தப்பாகச் செய்தி வந்துவிட்டது. ஆள் நேரே மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்தார். ஸ்பிரே டப்பாவை எடுத்தார். தான் உயிரோடு இருக்கும் சேதியை எழுதிவிட்டார். எதன் மேல்? யானையின் மேல்!

நியூயார்க்கில் 183-ஆம் தெருவில் வீடு. கிரேக்கக் குடும்பத்துப் பையன். ஊரெல்லாம் நடந்து தபால் கொடுக்கும் வேலை. சட்டைப் பையில் ஒரு மார்க்கர் பேனா. போகிற இடமெல்லாம் 'டாக்கி 183' என்று கையெழுத்து! 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றியே கட்டுரை போட்டது. அப்புறம் ஊர்ப் பையன்கள் கையிலெல்லாம் மார்க்கர்தான். அப்போது அவனுக்கு வயது 17!

பையன்கள் மட்டுமா? எக்குவடோரில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த லேடி பிங்க், 1979-இல் கிராஃபிட்டியில் இறங்கினார். ரயில் யார்டுக்குள் புகுந்து பெட்டி பெட்டியாக வரைந்தார். 1983-இல் வந்த 'வைல்டு ஸ்டைல்' படத்தில் நாயகியும் அவரே. தொடங்கும்போது 15 வயது, பள்ளி மாணவி!

நியூயார்க் சுரங்க ரயில்களில் கிராஃபிட்டி போட்ட கடைசிப் பெட்டியை நிர்வாகம் ஓட்டத்திலிருந்து எடுத்த நாள்: 1989 மே 12. ரசிகர்கள் தேதியை மறக்கவே இல்லை!

கீத் ஹேரிங் தெரியும்தானே? கோட்டு மனிதர்கள், தவழும் குழந்தை, குரைக்கும் நாய்! 1978-இல் நியூயார்க்குக்கு ஓவியம் படிக்க வந்த மாணவர். சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரக் காலம் முடிந்த பலகைகளில் கறுப்புத் தாள் ஒட்டிவைப்பார்கள். அதில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவார். ஒரே நாளில் 40 படம் வரை!

1986-இல் ஹார்லெமில் ஒரு ஹேண்ட்பால் மைதானச் சுவரில் போதைப் பொருளுக்கு எதிராகப் பளீர் ஆரஞ்சில் வரைந்தார். அனுமதி கேட்கவில்லை. பிடித்தார்கள். அபராதமும் போட்டார்கள். படம் அழிந்தது. அப்புறம் மாநகரப் பூங்காத் துறையே கூப்பிட்டு அதே சுவரில் மறுபடி வரையச் சொன்னது. அபராதம் போட்ட ஊரே அழைப்பும் வைத்தது, அதே ஆண்டில்!

அதே 1986-இல் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டு. பத்து மாடி உயரத்துக்கு ஒரு பேனர் வரைந்தார் ஹேரிங். கோடு மட்டும்தான் அவருடையது. உள்ளே நிரப்பியவர்கள் யார்? 1,000 பிள்ளைகள்!

இத்தாலியின் பீசா நகரில், ஒரு தேவாலயத்தின் பின்சுவரில் 180 சதுர மீட்டருக்கு அவர் ஓவியம் இருக்கிறது. 1989-இல் வரைந்தது. அந்தச் சுவர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? நியூயார்க் தெருவில் அவரைத் தற்செயலாகச் சந்தித்த ஒரு பீசா மாணவர் கூப்பிட்டார். அவ்வளவுதான், வந்துவிட்டார்! எட்டு மாதத்தில் ஹேரிங் மறைந்தார். வயது 31.

இனி நான் ரொம்ப நேசிக்கும் பகுதி. கையெழுத்துப் போட்டது ஒருவராக இருக்கலாம். சுவருக்கு உயிர் கொடுத்தது பல இடங்களில் அந்த ஏரியா ஜனங்கள்தான். பாருங்கள்!

1967, சிகாகோவின் தென்பகுதி. 43-ஆம் தெருவும் லாங்லி தெருவும் சேரும் முனையில் ஒரு பாழடைந்த கட்டடம். கறுப்பினக் கலைஞர்கள் கூடி, தங்கள் நாயகர்கள் 50 பேருக்கு மேல் அதில் வரைந்தார்கள். முகமது அலியும் அந்தச் சுவரில் இருந்தார்! திறப்பு விழாவில் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் வந்து கவிதை வாசித்தார். 'மரியாதைச் சுவர்' என்று பெயர். 1971-இல் தீப்பிடித்தது, அடுத்த ஆண்டே இடித்துவிட்டார்கள். வாழ்ந்தது ஐந்தே ஆண்டு. ஆனால் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பேட்டைச் சுவரோவியங்கள் கிளம்ப அதுதான் பிள்ளையார் சுழி!

1970 ஏப்ரல் 22, சான் டியாகோ. மெக்ஸிகோ வம்சாவளியினர் வாழும் பேட்டையின் தலைக்கு மேல் பாலம் கட்டியாயிற்று. கீழே பூங்கா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை வந்து நின்றது புல்டோசர்! ரோந்துப் போலீஸ் நிலையம் கட்டவாம். முதலில் பார்த்தவர் ஒரு கல்லூரி மாணவர். ஓடினார், வீடு வீடாகச் சொன்னார், வகுப்பறைகளிலும் சொன்னார். தாய்மார்களும் பிள்ளைகளும் புல்டோசரைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். தரிசாய்க் கிடந்த மண்ணில் அவர்களே கள்ளியும் பூச்செடியும் நட்டார்கள். 12 நாள் அசையவில்லை!

ஜெயித்தார்கள்! 1973 முதல் பாலத்தின் காங்கிரீட் தூண்களில் ஓவியம் ஏறத் தொடங்கியது. சிகானோ பூங்கா என்று பெயர்பெற்ற அந்த இடத்தில் இன்று 80-க்கும் மேல் ஓவியங்கள். 2016-இல் தேசிய வரலாற்றுச் சின்னம்!

லாஸ் ஏஞ்சல்ஸில் 1932-இல் மெக்ஸிகோ ஓவியர் சிகேரோஸ் 80 அடி நீளச் சுவரோவியம் வரைந்தார். நடுவில் என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு வரைந்து முடித்தார்: சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதன், மேலே அமெரிக்கக் கழுகு! ஊர்ப் பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். சில ஆண்டுகளில் மொத்தத்துக்கும் வெள்ளையடித்துவிட்டார்கள். ஆனால் பெயிண்ட் உதிர உதிர உள்ளே இருந்தவன் எட்டிப் பார்த்தான். பழுதுபார்த்து மறுபடி மக்களுக்குத் திறந்தது 2012 அக்டோபர் 9. முதலில் திறந்தது 1932 அக்டோபர் 9. நாள் பிசகாமல் 80 ஆண்டு!

அதே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வெள்ள வடிகால். இரண்டு பக்கமும் மொட்டைக் காங்கிரீட். அதைப் பார்த்து ஜூடித் பாக்கா என்ற ஓவியர் சொன்னார்: கலிஃபோர்னியாவின் மொத்தக் கதையையும் இதில் வரையலாம்! யாரை வைத்து? போலீஸ் கேஸில் சிக்கிய பிள்ளைகளை வைத்து!

1976 கோடையில் 80 பிள்ளைகள் வடிகாலுக்குள் இறங்கினார்கள். கோடையில்தான் இறங்க முடியும், மற்ற காலத்தில் தண்ணீர் வந்துவிடும். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்ட பேட்டைகளின் பிள்ளைகள் ஒரே சாரத்தில் நின்றார்கள். கூலியும் உண்டு, வரலாற்று ஆசிரியர்கள் பக்கத்திலேயே நின்று பாடமும் சொன்னார்கள். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போனார்கள். முதல் கோடையிலேயே 1,000 அடி!

மம்மூத் யானையில் தொடங்குகிறது கதை. இரண்டாம் உலகப் போரில் முகாமில் அடைபட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் வருகிறார்கள். வீடு பறிபோன மெக்ஸிகோக் குடும்பங்கள் வருகின்றன. பாடப்புத்தகம் ஒதுக்கிவிட்ட எல்லோரும் வரிசையில் இருக்கிறார்கள். ஐந்து கோடைகள், 400-க்கும் மேல் இளைஞர்கள். மொத்த நீளம் 2,754 அடி. அரை மைல் ஓவியம்! இதை நேரில் நடந்து பார்க்காமல் நான் ஓயமாட்டேன்.

ஃபிலடெல்ஃபியா கிராஃபிட்டியை ஒழிக்க 1984-இல் ஒரு குழு அமைத்தது. அதில் வேலைக்குச் சேர்ந்த ஜேன் கோல்டன், சுவரில் கிறுக்கிப் பிடிபட்ட பிள்ளைகளிடமே தூரிகையைக் கொடுத்தார். அந்த ஊரில் இதுவரை எழுந்த சுவரோவியங்கள் 4,000-க்கும் மேல்!

அங்கே இன்னொரு சூட்சுமம். மூன்று மாடி ஓவியத்தைச் சாரம் ஏறாமலேயே வரைகிறார்கள்! படத்தை ஐந்தடிக்கு ஐந்தடி சதுரங்களாகப் பிரித்து, மெல்லிய பாலியெஸ்டர் துணியில் கோடு இழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் வண்ண எண் எழுதிவிடுவார்கள். 4 என்றால் இந்த நீலம், 7 என்றால் அந்தப் பழுப்பு. பள்ளிப் பிள்ளை வண்ணமடிக்கலாம். சக்கர நாற்காலிப் பாட்டி அடிக்கலாம். சிறைக் கைதி சிறையில் உட்கார்ந்தே அடிக்கலாம்! அப்புறம் துணிகளைக் கொண்டுபோய் அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டிவிடுவார்கள். துணிக்குச் செல்லப் பெயர் பாராசூட் துணி. கிட்டே போய்ப் பார்த்தாலும் ஒட்டியது தெரியாது!

சரி, ஆசியாவுக்கு வாருங்கள். இந்தோனேசியாவின் மலாங் நகரில், ஆற்றங்கரையில் ஜோடிபான் குடியிருப்பு. இடித்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு. 2016-இல் முகமதியா பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படித்த மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பாடம் வந்தது. ஊர் பெயிண்ட் கம்பெனியைப் பிடித்தார்கள். சுவர், கூரை, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் வண்ணம்! இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். இடிப்புப் பேச்சும் போயிற்று. எத்தனை மாணவர்கள்? எட்டே எட்டு!

எதிர்க்கரைக் குடியிருப்புக்கும் ரோஷம் வந்தது. தெருவெல்லாம் முப்பரிமாண ஓவியம்! இரு கரைக்கும் நடுவே 2017-இல் கண்ணாடிப் பாலம். வடிவமைத்தது அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்!

மெக்ஸிகோவின் பாச்சூகாவில் ஒரு மலையே ஓவியம்! கிராஃபிட்டிக் குழு ஒன்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து 2015-இல் 209 வீடுகளை ஒரே படமாக இணைத்தது. பரப்பு 20,000 சதுர மீட்டர்!

பெர்லின் சுவரில் மிஞ்சிய துண்டில் 1990-இல் வரைந்தவர்கள் 21 நாட்டுக் கலைஞர்கள் 118 பேர். நீளம் 1,316 மீட்டர்!

நம்ம சென்னையை விடுவேனா? ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களின் கண்ணகி நகர், 2020-இல் சென்னையின் முதல் ஓவியப் பேட்டை ஆனது! ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் கைகோத்தன. அடுக்குமாடிகளின் பக்கச் சுவர் முழுக்கச் சிரிக்கும் முகங்கள். கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு போகிறார்கள்!

அதற்கும் முன்பே, அண்ணா சாலையில் போஸ்டர்களைக் கிழித்துவிட்டு மாநகராட்சி ஓவியம் வரைய வைத்ததே, நினைவிருக்கிறதா? வரைந்த கைகள் யாருடையவை? சினிமா பேனர் வரைந்த கைகள்! ஃபிளெக்ஸ் வந்து வேலை பறிபோன ஓவியர்களுக்குச் சாலைச் சுவர் சோறு போட்டது!

கடைசியாக ஒரு கணக்கு. நியூயார்க்கின் 5பாயிண்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளரின் அனுமதியோடு ஆண்டுக்கணக்கில் வரைந்துவந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே ராத்திரியில் அவர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். 21 கலைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தெருவோவியத்துக்கு ஏது உரிமை என்ற கேள்விக்கு 2018-இல் தீர்ப்பு வந்தது. அழிந்த ஓவியங்கள் 45, ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர். 2020-இல் மேல்முறையீட்டிலும் நின்றது தீர்ப்பு. மொத்தம்? 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!